வீடியோ எடிட்டிங்கின்போது கணினி நிலைகுலைந்தால்: ரேம் கோளாறைக் கண்டறியும் வழி

பகல் முழுவதும் இணையம் பார்க்கவும் கடிதம் தட்டச்சு செய்யவும் சிறு தொல்லையும் தராத கணினி, வீடியோ எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் கொடுத்த சில நிமிடங்களில் நீலத் திரையைக் காட்டி அணைந்துபோனால், பெரும்பாலோரின் சந்தேகம் முதலில் அந்த மென்பொருளின் மீதுதான் விழுகிறது. அதை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்க்கிறார்கள். பழைய பதிப்புக்குத் திரும்புகிறார்கள். எதுவும் பலிக்காதபோது விண்டோஸையே புதிதாகப் போடுகிறார்கள். கோளாறு ரேமில், அதாவது வேலை நடக்கும்போது தரவுகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தில் இருந்தால், இவை எதனாலும் பயன் இல்லை. பழுதான ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸை நிறுவினால் அந்த நிறுவலே பிழைகளோடு அமைந்துவிடும் ஆபத்தும் உண்டு.

ரேம் கோளாறைக் கண்டறிய மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்கும் ஒழுங்கும், விடாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் போதும். பிழை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வருகிறதா, அல்லது முறைக்கு ஓர் இடத்தில் வருகிறதா என்பதே அந்தக் கேள்வி.

ரேமுக்குள் நடப்பது

கணினியின் ரேமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒவ்வொரு 0 அல்லது 1உம், மிகச் சிறிய ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புதான் இன்றைய ரேமுக்கும் அடிப்படை. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடத்தைப் போன்றது. அதில் ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், அது வற்றிப்போவதற்கு முன் மறுபடியும் நிரப்பியாக வேண்டும். டிடிஆர்4 வகை ரேமில் எல்லா அறைகளும் 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றன. வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கசிவு அதிகமாகும் என்பதால், அந்த இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது விதி.

16 ஜிபி ரேமில் இத்தகைய அறைகள் 13,700 கோடிக்கும் அதிகம். அவற்றுள் ஒன்று பலவீனமாக இருந்தாலும், அல்லது ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே அதிவேகமாகப் பாயும் மின்சைகை ஓரிடத்தில் தடுமாறினாலும், 0 என்று எழுதியது 1 என்று திரும்பி வரும். அந்தப் பிட் ஒரு படத்தின் நிறத்தைக் குறிப்பதாக இருந்தால், ஒரு புள்ளியின் நிறம் இம்மியளவு மாறும், யாரும் கவனிக்கப்போவதில்லை. அதே பிட் மென்பொருள் அடுத்துச் செல்ல வேண்டிய முகவரியின் ஒரு பகுதியாக இருந்தால், மென்பொருள் தனக்குச் சொந்தமில்லாத இடத்துக்குப் போய் நிற்கும். விண்டோஸ் அதை அந்தக் கணமே மூடிவிடும். விண்டோஸின் சொந்தப் பகுதியிலேயே அந்தப் பிழை நேர்ந்தால் நீலத் திரை வரும். கோளாறு ஒன்றுதான் என்றாலும், அது எந்த பிட்டில் விழுகிறது என்பதைப் பொறுத்து வெளியே தெரியும் அறிகுறி மாறிக்கொண்டே இருக்கும். ரேம் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினமாகத் தோன்றுவதற்கும், பழகிய கண்ணுக்கு அது எளிதில் அடையாளம் தெரிவதற்கும் இந்த மாறும் தன்மையே காரணம்.

எடிட்டிங்கில் மட்டும் ஏன் வெளிப்படுகிறது?

ஒரு சிறு கணக்கைப் பார்த்தால் இது புரியும். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேமில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. நிறத் திருத்தம் செய்யும்போது மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என நான்கு மதிப்புகளை 32 பிட் துல்லியத்தில் வைத்துக்கொண்டால், ஒரு புள்ளிக்கு 16 பைட், ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 133 எம்பி தேவைப்படும். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரே வினாடிக்கு 3.3 ஜிபி. கல்யாண வீடியோ ஒன்றில் மேலே எழுத்து, அடியில் இரண்டு கேமராக் காட்சிகள், நடுவில் ஒரு மங்கல் விளைவு என்று அடுக்கிக்கொண்டே போனால் ரேமின் பெரும்பகுதி நிரம்பிவிடும். கடிதம் தட்டச்சு செய்யும்போது ஒருபோதும் தொடப்படாமல் கிடந்த மூலைகள் எல்லாம் அப்போதுதான் பயன்பாட்டுக்கு வருகின்றன. பழுதான அறை அந்த மூலையில் இருந்தால், அது எக்ஸ்போர்ட்டின்போதுதான் முதன்முதலாக வெளிப்படும்.

வெப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. எக்ஸ்போர்ட்டின்போது பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒருசேர உழைப்பதால் கேபினெட்டின் உள்ளே காற்று சூடாகிறது. கிராபிக்ஸ் கார்டின் வெப்பக்காற்று நேராக ரேமின் பக்கம் எழுவதும் உண்டு. மார்கழியில் ஒழுங்காக இருந்த கணினி அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் தடுமாறுகிறது என்றால், அது தற்செயல் என்று தள்ளிவிடக் கூடாது. கேபினெட்டின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி, ஒரு மேசை மின்விசிறியை உள்நோக்கி ஓடவிட்டு, அதே எக்ஸ்போர்ட்டைச் செய்து பாருங்கள். பிழை மறைந்தாலோ வெகுநேரம் தள்ளிப்போனாலோ, தேடலின் திசை அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

ரேம் கோளாறு போலத் தோன்றும் வேறு கோளாறுகள்

புதியவர்களைப் பெரிதும் திசைதிருப்புவது பிழைச் செய்திகளில் வரும் ‘மெமரி’ என்னும் சொல். அந்தச் சொல்லைக் கண்டதும் ரேமைக் கழற்றத் தொடங்குவது தவறு.

முதலாவது, வெறும் பற்றாக்குறை. ரேம் நல்ல நிலையில்தான் இருக்கும். வேலைக்குப் போதாது, அவ்வளவுதான். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே வேலைக்கு 32 ஜிபி வேண்டும் என்று அடோபி நிறுவனம் பரிந்துரைக்கிறது. டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில், காட்சி விளைவுகளுக்கான ஃபியூஷன் பக்கத்தைப் பயன்படுத்துவோருக்கும் அதே 32 ஜிபி பரிந்துரைக்கப்படுகிறது. டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட் செய்தால், ரேமின் அளவு ஏறிக்கொண்டே போய் உச்சத்தைத் தொடும் நேரத்தில் மென்பொருள் மூடுவது கண்ணுக்கே தெரியும். இந்நிலையில், ரேம் போதாதபோது டிஸ்கில் கூடுதல் இடமாகப் பயன்படும் பேஜ் ஃபைலை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வேகம் கூடும் என்று சொல்லி அதை அணைக்கும் பழக்கம் இன்னும் நிலவுகிறது. எடிட்டிங் கணினியில் அது தீங்கே செய்கிறது. பேஜ் ஃபைலின் அளவை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது நல்லது. பிரீமியரின் மெமரி அமைப்பில் பிற மென்பொருள்களுக்கென ஒதுக்கும் அளவைச் சற்றுக் கூட்டுவதும், ரிசால்வில் அது பயன்படுத்தும் ரேமின் உச்ச வரம்பைக் குறைப்பதும் பற்றாக்குறையை ஓரளவு சமாளிக்க உதவும்.

இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் நிரம்புவது. ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்று ரிசால்வ் சொன்னால் அது பெரும்பாலும் உண்மையே. மதர்போர்டில் செருகும் ரேமை எவ்வளவு கூட்டினாலும் அது தீராது. டைம்லைனின் தெளிவைக் குறைப்பதும், காட்சியின் புள்ளி இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் போன்ற கனமான விளைவுகளைக் குறைப்பதும்தான் வழி.

மூன்றாவது, குறிப்பிட்ட முகவரியில் நினைவகத்தைப் படிக்க இயலவில்லை என்று விண்டோஸ் காட்டும் செய்தி. மென்பொருள் தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பழுதான பிளகின், பழைய கிராபிக்ஸ் டிரைவர், மென்பொருளிலேயே உள்ள பிழை என எதனாலும் அது வரலாம், ரேமாலும் வரலாம்.

செய்தியின் சொல்லை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு அண்மைக்கால வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில், விளையாட்டுகளைத் தொடங்கும்போது கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டு நன்றாகவே இருந்தது. ரேமும் நன்றாக இருந்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பிராசசரே தேய்ந்து நிலையிழந்தது என்று 2024இல் இன்டெல் அறிவித்தது. பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடைத் திருத்தி, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் வழியாக வெளியிட்டதோடு, அந்தப் பிராசசர்களுக்கான வாரன்டியை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் தலைமுறைக் கணினி வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

அதே இடமா, வேறு இடமா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ஒரு புராஜெக்டை மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்கிறீர்கள். மூன்று முறையும் 12ஆம் நிமிடம் 40ஆம் வினாடியில், ஒரே கிளிப்பைத் தொடும்போது நிற்கிறது என்றால், ரேமைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த கிளிப்பின் கோப்பு சிதைந்திருக்கலாம். அதன்மேல் போட்ட விளைவு ஒத்துவராமல் இருக்கலாம். அந்த கிளிப்பை மட்டும் நீக்கிவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் உண்மை தெரிந்துவிடும். அதற்கு மாறாக, முதல் முறை 20 சதவீதத்தில், அடுத்த முறை 85 சதவீதத்தில், பிறகு ஒரு முறை எந்தத் தடங்கலும் இல்லாமல் முழுதாக முடிந்து, அதற்கடுத்த முறை தொடங்கியதுமே நீலத் திரை என்று வந்தால், வன்பொருளைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நீலத் திரையில் வரும் காரணப் பெயர்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடினால், நாள்வாரியாக எந்தெந்த மென்பொருள் எப்போது செயலிழந்தது என்ற அட்டவணை கிடைக்கும். அதில் ஒரே மென்பொருள், ஒரே கோப்பின் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் அது மென்பொருள் சிக்கல். எடிட்டிங் மென்பொருள், பிரவுசர், விண்டோஸின் சொந்தச் சேவை என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை மாறிமாறி விழுந்திருந்தால், நீலத் திரையின் பெயர்கள் ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்றும் மறுநாள் பேஜ் ஃபால்ட் என்றும் மாறியிருந்தால், அவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் பொதுவான பொருள் ரேம் அல்லது பிராசசர்தான்.

எந்தக் கருவியும் வாங்காமல் செய்யக்கூடிய ஒரு சோதனையை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், எந்தக் கோப்பின்மீதும் வலது கிளிக் செய்து அதன் ஷா-256 மதிப்பைக் கணக்கிட முடியும். கோப்பில் உள்ள ஒவ்வொரு பிட்டையும் படித்து, கைரேகை போன்ற நீண்ட எண்ணெழுத்து வரிசை ஒன்றை அது தரும். 20 அல்லது 30 ஜிபி அளவுள்ள ஒரு வீடியோ கோப்பை எடுத்துக்கொண்டு, அதை எந்த மென்பொருளிலும் திறக்காமல், இந்த மதிப்பை நாலைந்து முறை கணக்கிடுங்கள்; ஒவ்வொரு முறையும் அந்த வரிசையை நோட்பேடில் ஒட்டி வையுங்கள். கோப்பு மாறாதவரை எல்லா வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரே ஒரு வரி மாறுபட்டாலும், கணினி படித்ததையே சரியாக வைத்திருக்க முடியாத நிலையில் இருக்கிறது என்று பொருள். இதில் எடிட்டிங் மென்பொருளுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதால், பழியை அதன்மேல் போட இனி இடமில்லை. ஆனால் எல்லா வரிகளும் ஒத்திருப்பதால் மட்டும் ரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. அடுத்த சோதனைகளும் தேவை.

சோதனைக்கு முன் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். ரேம் நிலையற்றிருக்கும் கணினியில் கேமரா கார்டிலிருந்து காட்சிகளை நகலெடுத்தால், அவை ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகின்றன. வழியில் ஒரு பிட் மாறினால் மாறியதுதான் டிஸ்கில் பதியும், எந்த எச்சரிக்கையும் வராது. நகலெடுத்த கையோடு கார்டை அழித்துவிட்டால் மூலமும் போய்விடும். ஆகவே சந்தேகம் வந்த நாள் முதல் கேமரா கார்டுகளை அழிக்காதீர்கள். முக்கியமான நகல்களை நம்பகமான வேறொரு கணினியில் எடுங்கள். புராஜெக்ட் கோப்பைச் சேமிக்கும்போது பழையதன்மேல் எழுதாமல் புதிய பெயரில் சேமியுங்கள். டிஸ்கைச் சரிபார்த்துத் திருத்தும் கருவியை இந்நேரத்தில் ஓட்ட வேண்டாம். தவறாகப் படித்ததை நம்பி நல்லதை அது திருத்திவிடக்கூடும். பயாஸ் அப்டேட்டையும், கீழே சொல்லப்போகும் இயல்பு வேகத்துக்கு ரேமை இறக்கிய பிறகே செய்ய வேண்டும்.

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, நான்கு ஸ்டிக்குகள்

சொந்தமாகப் பாகங்கள் வாங்கிச் சேர்த்த எடிட்டிங் கணினிகளில், ரேம் உண்மையில் பழுதாகியிருப்பதைவிட, அது தாங்காத வேகத்தில் ஓட்டப்படுவதே நான் அதிகம் சந்தேகிக்கும் காரணம். பெட்டியின்மேல் டிடிஆர்5-6000 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, செருகியவுடன் ரேம் அந்த வேகத்தில் ஓடும் என்று வாங்குபவர் நினைக்கிறார். ஜெடெக் என்னும் தர அமைப்பு வகுத்த இயல்பு வேகம் வேறு. அத்தகைய ஸ்டிக்குகள், அதாவது ஸ்லாட்டில் செருகும் ரேம் பலகைகள் பலவும் இயல்பாக 4800இல்தான் தொடங்குகின்றன. அச்சிட்ட வேகத்தை அடைய, பயாஸுக்குள் சென்று இன்டெல் கணினியில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பையும், ஏஎம்டி கணினியில் எக்ஸ்போ என்ற அமைப்பையும் இயக்க வேண்டும். அவற்றை இயக்கியதும் வேகத்தோடு மின்னழுத்தமும் உயர்கிறது. டிடிஆர்5இன் இயல்பு மின்னழுத்தம் 1.1 வோல்ட், இந்த அமைப்புகளில் அது 1.25 முதல் 1.4 வோல்ட் வரை போகும். டிடிஆர்4இல் 1.2 வோல்ட், 1.35 ஆகிறது. ஆக, இது இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்கேதான். ரேம் நிறுவனம் தன் ஸ்டிக்கைச் சோதித்திருக்கலாம். ஆனால் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி உங்கள் பிராசசருக்குள் இருக்கிறது, அது அந்த வேகத்தைத் தாங்குமா என்று யாரும் உறுதியளிக்கவில்லை.

எடிட்டிங் செய்பவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. ரைசன் 7000 வரிசைப் பிராசசரில் இரண்டு 16 ஜிபி ஸ்டிக்குகளை 6000 வேகத்தில் வைத்து, பல மாதம் தடங்கலின்றி வேலை பார்த்திருப்பார்கள். 4கே வேலை வரத் தொடங்கியதும் ரேம் போதாமல், அதே நிறுவனத்தின் அதே மாதிரியை இன்னொரு ஜோடி வாங்கி, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் செருகுவார்கள். மொத்தம் 64 ஜிபி. எக்ஸ்போ இயங்கியபடியே இருக்கும். விண்டோஸ் திறக்கும், 64 ஜிபி என்று காட்டும், எல்லாம் நலமாகவே தோன்றும். பெரிய எக்ஸ்போர்ட்டில்தான் தடுமாற்றம் தொடங்கும். ஏஎம்டியின் அதிகாரபூர்வ அளவுகளைப் பார்த்தால் காரணம் விளங்கும்: அந்தப் பிராசசர்கள் இரண்டு ஸ்டிக்குகளோடு 5200 வேகத்தையும், நான்கு ஸ்டிக்குகளோடு 3600 வேகத்தையும் மட்டுமே உறுதியளிக்கின்றன. ஒரே தடத்தில் இரண்டு ஸ்டிக்குகள் தொங்கும்போது மின்சைகையின் தெளிவு குறைகிறது. கட்டுப்படுத்தும் பகுதியின் சுமை கூடுகிறது. பயாஸ் மேம்பாடுகளால் பலருக்கு இதைவிட அதிக வேகம் கிடைக்கிறது என்பது உண்மையே. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அது பொருளின் குறையும் அல்ல.

தனித்தனிப் பெட்டிகளில் வாங்கிய இரண்டு ஜோடிகள், மாதிரி எண் ஒன்றாகவே இருந்தாலும், உள்ளே ஒரே சிப்புகளைக் கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. நிறுவனம் ஒரு பெட்டிக்குள் இருப்பவற்றை மட்டுமே சேர்த்துச் சோதிக்கிறது. ஆகவே 64 ஜிபி தேவை என்று தெரிந்தால், இரண்டு 32 ஜிபி ஸ்டிக்குகள் கொண்ட ஒரே பெட்டியை வாங்குவதே என் பரிந்துரை.

முதல் சிகிச்சை இதனால் எளிது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு, இயல்பு வேகத்தில் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: டிடிஆர்5 கணினியில் ரேம் அமைப்பை மாற்றிய பின் வரும் முதல் தொடக்கத்தில், பிராசசர் ரேமுக்கான நேர அளவுகளைப் புதிதாகக் கண்டறிகிறது, அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம், அதுவரை திரை இருண்டே இருக்கும். பயந்துபோய் மின்சாரத்தைத் துண்டித்துவிடாதீர்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் பயன்படுத்துபவர்கள், பயாஸைத் தொடுவதற்கு முன் அந்தப் பூட்டைத் திறக்கும் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இயல்பு வேகத்தில் கோளாறு முற்றிலும் நின்றுவிட்டால், ஸ்டிக்கை மாற்ற அவசியமில்லை. 6000இல் நிற்காதது 5600இல் நிற்கக்கூடும். அதுவும் இல்லையென்றால் இயல்பு வேகத்திலேயே விட்டுவிடலாம். வீடியோ எக்ஸ்போர்ட்டின் நேரத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும்தான். ரேமின் வேகத்தைக் குறைப்பதால் நேர்வது சிறு இழப்பு. பாதியில் நின்று மறுபடி தொடங்கும் ஒரே ஒரு எக்ஸ்போர்ட் அதைவிட அதிக நேரத்தை விழுங்கிவிடும். இணையத்தில் படித்துவிட்டு மின்னழுத்தத்தை உயர்த்தி நிலைநிறுத்த முயல்வது புதியவர்களுக்கு உகந்ததல்ல. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிப்போன செய்திகளுக்குப் பிறகு, பிராசசரில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கும் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற உச்ச வரம்பை ஏஎம்டி பயாஸ் வழியாகவே விதிக்க நேர்ந்தது.

மெம்டெஸ்ட்: ஓர் இரவு, ஒரு பென் டிரைவ்

இயல்பு வேகத்திலும் கோளாறு தொடர்ந்தால், ரேமையே சோதிக்க வேண்டும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற கருவி உண்டு. கணினியை மறுதொடக்கம் செய்து அது சோதிக்கும், முடிவை ஈவன்ட் வியூவரில் பதியும். அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் அதோடு நிறுத்தக் கூடாது. நுட்பமான கோளாறுகள் அதற்குத் தப்பிவிடுகின்றன.

மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசக் கருவி இன்னும் கடுமையானது. அதை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். சில கணினிகளில், அங்கீகரிக்கப்படாத மென்பொருளிலிருந்து தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் அமைப்பைத் தற்காலிகமாக அணைக்க நேரும். விண்டோஸ் இல்லாமலே ஓடுவதால், ரேமின் ஏறத்தாழ எல்லா மூலைகளையும் அதனால் தொட முடிகிறது. வெவ்வேறு வடிவங்களில் 0, 1 வரிசைகளை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று அது ஒப்பிடுகிறது. பெரிய ரேமுக்கு ஒரு சுற்று முடியவே மணிக்கணக்கில் ஆகும் என்பதால், இரவில் தொடங்கிவிட்டு காலையில் பார்ப்பது வசதி. இங்கே தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான். கோடிக்கணக்கான சோதனைகளில் ஒன்றுதானே தவறியது என்று ஆறுதல் கொள்வது, அடுத்த எக்ஸ்போர்ட்டை இழக்கத் தயாராவதற்குச் சமம்.

பிழை வந்தால், எந்த ஸ்டிக்கில் என்று பிரித்தறிய வேண்டும். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, ஸ்டிக்குகளைக் கழற்றுங்கள். சில சமயம் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகுவதாலேயே குணமாகிவிடும். பொன்முலாம் பூசிய முனைகளில் தூசியோ விரல் பிசுக்கோ இருந்திருக்கும். அதன்பின் ஒரே ஒரு ஸ்டிக்கை, மதர்போர்டு கையேடு சொல்லும் முதன்மை ஸ்லாட்டில் செருகிச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் அது பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். ஏ2 என்று எழுதியிருக்கும். பிறகு அதே ஸ்லாட்டில் மற்ற ஸ்டிக்கைச் சோதியுங்கள். ஒன்று தேறி மற்றொன்று தவறினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. எல்லா ஸ்டிக்குகளும் அந்த ஸ்லாட்டில் தேறி, வேறொரு ஸ்லாட்டில் எதைச் செருகினாலும் பிழை வந்தால், கோளாறு ஸ்லாட்டிலோ பிராசசர் அமரும் சாக்கெட்டின் வளைந்த ஊசியிலோ இருக்கிறது. அந்த இடத்துக்கு மேல் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் போவதே சரி. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட லேப்டாப்களிலும் ஆப்பிள் சிலிக்கான் மேக் கணினிகளிலும் இந்தப் பிரித்தறிதலுக்கு இடமில்லை. சோதனையில் பிழை வந்தால் சர்வீஸ் சென்டர்தான்.

மெம்டெஸ்ட் இரவு முழுவதும் ஓடி ஒரு பிழையும் காட்டாமல், எடிட்டிங்கில் மட்டும் கோளாறு நீடிப்பதும் உண்டு. அந்தச் சோதனையின்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருந்தது, கேபினெட் குளிர்ந்தே இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விண்டோஸுக்குள் பிரைம்95 என்ற கருவியில் பிளெண்ட் சோதனையை ஒரு மணி நேரமாவது ஓட்டினால், பிராசசரும் ரேமும் சேர்ந்து சுமையேறும். அதில் ஒருசேர ஓடும் சோதனை இழைகளுள் (திரெட்) ஏதேனும் ஒன்று பிழை என்று நின்றுவிட்டால், எடிட்டிங் மென்பொருள் நிரபராதி. பிரைம்95இலும் தேறிவிட்டால், கிராபிக்ஸ் டிரைவரையும் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அடுத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்போர்ட் தொடங்கிய கணத்தில் நீலத் திரைகூட வராமல் கணினி சட்டென அணைந்தால், நான் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இசிசி பற்றி ஒரு சொல்

ரேம் பிழை அரிதான ஒன்று என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுதோறும் சுமார் 8 சதவீத ரேம் ஸ்டிக்குகளில் பிழை காணப்பட்டது. அந்த சர்வர்களில் பிழையைத் தானே கண்டறிந்து திருத்தும் இசிசி வகை ரேம் இருந்ததால்தான் அதை எண்ணவே முடிந்தது. நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது இல்லை. டிடிஆர்5 ரேமில் இசிசி உள்ளேயே இருக்கிறது என்ற விளம்பரத்தை நம்பி அமைதியடைய வேண்டாம். அது சிப்புக்குள் நிகழும் பிழையை மட்டும் திருத்தும், சிப்பிலிருந்து பிராசசருக்குச் செல்லும் வழியில் நேரும் பிழையை அது காணாது. திரும்பப் படமெடுக்க முடியாத நிகழ்வுகளைத் தொழிலாகத் தொகுப்பவர்கள், அடுத்த கணினி வாங்கும்போது முழு இசிசி ஏற்கும் பிராசசரையும் மதர்போர்டையும் விசாரிப்பது தகும்.

ரேம் ஸ்டிக் உண்மையிலேயே பழுது என்று தெரிந்தால், வாரன்டியைப் பாருங்கள்; பல ரேம் நிறுவனங்கள் நீண்டகால வாரன்டி தருகின்றன. மெம்டெஸ்ட் திரையில் பிழைகள் சிவப்பில் தெரியும்போதே அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால் கடைக்காரரிடம் விளக்குவது எளிது. ஜோடியாக வாங்கியதில் ஒன்று மட்டும் பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றித் தரும்படி கேளுங்கள். புதியது வந்ததும், முதலில் இயல்பு வேகத்தில் ஓர் இரவு மெம்டெஸ்ட், பிறகு எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ இயக்கி இன்னோர் இரவு என்று சோதியுங்கள். ரேம் பழுதாக இருந்த நாட்களில் நகலெடுத்த காட்சிகளை, அழிக்காமல் வைத்திருக்கும் கேமரா கார்டுகளின் மூலத்தோடு ஷா-256 மதிப்பால் ஒப்பிட்டு, மாறுபடுபவற்றை மறுபடியும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.